கொக்கலையும் பேர்த்தும்: வான்வழித் தூரமும் பயண நேரமும்

ஓர் ஊர் எவ்வளவு தூரம் என்று வினவினால், நம் கிராமத்து முதியோர் மைற்கணக்கில் விடை கூறுவது அரிது. "விடியப் புறப்பட்டால் உச்சிப்பொழுதுக்குப் போய்ச் சேரலாம்" என்பர். "இரண்டு தரம் வெற்றிலை போடும் நேரம்" என்பர். பள்ளி மாணவனோ தேசப்படத்தை விரித்து, அடிமட்டத்தை வைத்து அளந்து, இத்தனை கிலோமீற்றர் என்று கூறுவான். முதியவர் கூறியது நேரம்; மாணவன் கூறியது தூரம். ஒரே வினாவுக்கு இருவரும் விடை தந்தனராயினும், அவ்விரு விடைகளும் ஒன்றல்ல. தூரத்தை அறிந்தவன் நேரத்தை அறிந்தவன் ஆகான். இவ்வுண்மை தரைவழிப் பயணத்திலும் பார்க்க வான்வழிப் பயணத்திலேயே தெளிவாய் விளங்குகின்றது. அதனை விளக்குதற்கு நம் நாட்டின் தென்கரையிலேயே சிறந்ததோர் எடுத்துக்காட்டு உண்டு.

காலி நகருக்குத் தென்கிழக்கே, கடலை அடுத்துக் கொக்கலை வாவி இருக்கின்றது. அவுஸ்திரேலியாவின் மேற்குக் கரையில், பேர்த் நகரத்தை ஊடறுத்துச் சுவான் ஆறு ஓடுகின்றது. இரண்டாம் உலகப் போரின்போது, 1943 ஆம் ஆண்டு யூன் மாத இறுதியிலிருந்து 1945 ஆம் ஆண்டு யூலை மாதம் வரை, இவ்விரு நீர்நிலைகளும் ஒரு வான்வழியின் இரு முனைகளாய் விளங்கின. ஆற்றங்கரையில் உள்ள நெட்லண்ட்ஸ் என்னும் இடத்திலிருந்து கிளம்பும் நீர்விமானம், இடையில் எங்கும் இறங்காது இந்து சமுத்திரத்தைக் கடந்து, கொக்கலை வாவியில் வந்து இறங்கும். இவ்வழியின் நீளம் 5,652 கிலோமீற்றர். அஃதாவது ஏறத்தாழ 3,512 மைல். அக்காலத்தில் உலகில் எந்த விமானச் சேவையும் இத்துணைத் தூரத்தை இடைநில்லாது கடந்ததில்லை.

இத்தூரம் எவ்வாறு கணிக்கப்படுகின்றது என்பதை முதலில் நோக்குதல் தகும். தட்டையான தேசப்படத்தில் இரண்டு புள்ளிகளை ஒரு நேர்கோட்டினால் இணைத்தால், அக்கோடே மிகக் குறுகிய வழி என்று எண்ணத் தோன்றும். பூமியோ உருண்டை. ஒரு தோடம்பழத்தின் மேல் இரண்டு ஊசிகளைக் குத்தி, அவற்றினிடையே ஒரு நூலை இழுத்துப் பிடித்தால், அந்நூல் செல்லும் வழியே மிகக் குறுகியது. அந்நூலைப் பழத்தைச் சுற்றிலும் நீட்டினால், அது பழத்தைச் சரிபாதியாய்ப் பிரிக்கும். ஆதலின் அதனைப் பெருவட்டம் என்பர் புவியியலார். பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே உள்ள பெருவட்டத் துண்டு, பூமியின் மையத்தில் ஏறத்தாழ 51 பாகைக் கோணத்தை அமைக்கின்றது. ஒரு பாகைக்கு அறுபது கடல்மைல் என்பது மாலுமிகளின் கணக்கு. ஐம்பத்தொன்றை அறுபதினாற் பெருக்கினால் 3,060 கடல்மைல் வரும். ஒரு கடல்மைல் 1,852 மீற்றர். ஆகவே மேற்கூறிய 5,652 கிலோமீற்றருக்கு மிக அணித்தான எண்ணை, ஐந்தாம் வகுப்புப் பெருக்கலைக் கொண்டே பெற்றுவிடலாம். தூரத்தைப் பொறுத்தவரையில் வேலை இவ்வளவில் முடிந்தது. இத்தூரம் அன்றும் அதுவே, இன்றும் அதுவே.

நேரத்தின் கதையோ வேறு. இவ்வழியில் விமானங்கள் 27 மணித்தியாலம் முதல் 32 மணித்தியாலத்துக்குச் சற்று மேல் வரை வானத்திலே நின்றன. விரைந்து வந்த பயணத்துக்கும் தாமதித்து வந்த பயணத்துக்கும் இடையே ஐந்தாறு மணித்தியால வேறுபாடு இருந்தது. விமானம் அதே வகையானது, வழியும் அதுவே, விமானிகளும் ஒரே பயிற்சி பெற்றவர்கள். அங்ஙனமாயின் இவ்வேறுபாடு எங்ஙனம் தோன்றியது?

விமானம் தரையைப் பற்றிக்கொண்டு செல்வதன்று. காற்றிலே மிதந்து செல்வது. காற்றும் நகர்ந்துகொண்டே இருப்பது. ஆற்றிலே தோணி வலிப்பவன் நீரோட்டத்தோடு சென்றால் விரைந்தும், எதிர்த்துச் சென்றால் தாமதித்தும் கரைசேர்வது போன்றதே இதுவும். அச்சேவையிலே பயன்பட்ட கற்றலினா என்னும் நீர்விமானம் மணித்தியாலத்துக்கு ஏறத்தாழ 200 கிலோமீற்றர் வேகத்திற் செல்வது. 20 கிலோமீற்றர் வேகமுள்ள எதிர்க்காற்று, இன்றைய பெரிய விமானத்துக்கு ஒரு பொருட்டன்று. ஆனால் கற்றலினாவுக்கோ தன் வேகத்திற் பத்தில் ஒரு பங்கு போயிற்று என்பது பொருள்.

இதில் மாணாக்கர் பலர் வழுக்கி விழும் ஒரு கணக்கு உண்டு. போகும்போது எதிர்த்த காற்று, வரும்போது துணைசெய்யும். ஆதலால் இரண்டும் சரிக்குச் சரியாய்ப் போகும் என்று அவர்கள் எண்ணுவர். கணித்துப் பார்ப்போம். தூரம் 5,600 கிலோமீற்றர் என்றும், விமானத்தின் வேகம் 200 கிலோமீற்றர் என்றும் கொண்டால், காற்றில்லாத நாளிற் போவதற்கு 28 மணித்தியாலம், வருவதற்கு 28 மணித்தியாலம். ஆக 56 மணித்தியாலம். 20 கிலோமீற்றர் வேகத்திற் காற்று வீசினால், எதிர்த்துச் செல்லும் பயணம் ஏறத்தாழ 31 மணித்தியாலம் 7 நிமிடத்தையும், துணையோடு வரும் பயணம் ஏறத்தாழ 25 மணித்தியாலம் 27 நிமிடத்தையும் கொள்ளும். கூட்டினால் 56 மணித்தியாலத்துக்கு மேல் அரை மணித்தியாலத்துக்குச் சற்று அதிகமாகின்றது. எதிர்க்காற்றிலே அகப்பட்டிருக்கும் நேரம் நீளுகின்றது; துணைக்காற்றை அனுபவிக்கும் நேரம் குறுகுகின்றது. ஆதலாற் காற்று எடுத்த கடனை முழுதாய்த் திருப்பித் தருவதில்லை. தரையில் இருப்பவனுக்கு அரை மணித்தியாலம் அற்பம். நடுச் சமுத்திரத்திற் பறப்பவனுக்கோ அஃது உயிரைக் காக்கும் எரிபொருள்.

இத்தகைய இடர் நிறைந்த வழியை எவரும் விரும்பித் தேர்ந்தாரல்லர். 1938 ஆம் ஆண்டு தொடக்கம் பிரித்தானியாவையும் அவுஸ்திரேலியாவையும் நீர்விமானச் சேவை ஒன்று இணைத்திருந்தது. சிங்கப்பூர் அவ்வழியின் முக்கியமான தங்குமிடம். 1942 பெப்ரவரி 15 ஆம் நாள் சிங்கப்பூர் யப்பானியரிடம் வீழ்ந்தது. அடுத்த மாதம் 3 ஆம் நாள் அவுஸ்திரேலியாவின் வடமேற்குக் கரையில் உள்ள புறூம் துறைமுகத்தில் நின்ற நீர்விமானங்கள் குண்டுவீச்சுக்கு இரையாயின. வான்வழி அறுந்தது. ஏப்பிரல் மாதத்திலே போர் இலங்கையின் வாயிலுக்கும் வந்தது. அம்மாதம் 4 ஆம் நாள், கொக்கலை வாவியிலிருந்து ரோந்து சென்ற கற்றலினா ஒன்றின் தலைவர், கனடா நாட்டவரான லியொனாட் பேர்ச்சல், தெற்கே யப்பானியக் கடற்படையைக் கண்டார். செய்தியை வானொலி மூலம் அறிவித்துக்கொண்டிருக்கையில் அவரது விமானம் சுட்டு வீழ்த்தப்பட்டது, அவர் சிறைப்பட்டார். மறுநாள் கொழும்பு தாக்கப்பட்டது. 9 ஆம் நாள் திருகோணமலை தாக்கப்பட்டது. கற்றலினா நெடுந்தூரம் செல்லும் ஆற்றலுடையது எனினும், வேகங்குறைந்த அவ்விமானம் பகைவரின் போர்விமானங்களுக்கு எளிதில் இரையாகும் என்பதை அந்நிகழ்ச்சி காட்டிற்று.

அறுந்த வான்வழியை மீண்டும் இணைக்கவே குவாண்டாஸ் நிறுவனம் முன்வந்தது. அதன் நிறுவுநருள் ஒருவரான ஹட்சன் பிஷ் அப்போது அதனை நடத்திவந்தார். பேர்த்திலிருந்து கொக்கலைக்கும், அங்கிருந்து கராச்சிக்கும் சென்றால், பிரித்தானிய விமானச் சேவையோடு இணைந்துவிடலாம் என்பதே திட்டம். இச்சேவைக்கு ஐந்து கற்றலினாக்கள் ஒதுக்கப்பட்டன. அவை போர்க்கருவி எதனையும் கொண்டு செல்லவில்லை. பகைவர் ஆதிக்கத்துக்கு உட்பட்ட பகுதிகளுக்கு அணித்தாய்ச் செல்லும் வேளை இரவாய் இருக்கும்படி புறப்படும் நேரம் வகுக்கப்பட்டது. வானொலியிற் பேசுவது தவிர்க்கப்பட்டது. பேசினால் இருக்குமிடம் பகைவருக்குத் தெரிந்துவிடும்.

இனி, தூரத்துக்கும் பாரத்துக்கும் உள்ள தொடர்பைக் காண்போம். புறப்படும்போது விமானத்தின் முழு எடை 35,100 றாத்தல் வரை இருந்தது. இதில் ஏறத்தாழ ஐந்தில் இரண்டு பங்கு பெற்றோலின் எடையே. எடையைக் குறைக்கும் பொருட்டு இன்றியமையாதன அல்லாத உபகரணங்கள் கழற்றப்பட்டன. இவ்வளவு செய்தும் ஏற்றக்கூடிய பாரம் 1,000 றாத்தல் மட்டுமே. மூன்று பிரயாணிகளும் 69 கிலோகிராம் தபாலுமே இடம்பெற்றன. மாட்டுவண்டிக்காரன் தொலைதூரம் போவதற்கு வைக்கோலை நிறைய ஏற்றிக்கொண்டால், வண்டியிற் சரக்குக்கு இடமிராது. வான்வழியிலும் நியாயம் அதுவே. தூரம் கூடக் கூட, விமானம் தன்னைத் தானே சுமந்து செல்வதற்கே பெரிதும் உழைக்கின்றது. முழுப் பாரத்தோடு செல்லும் முதற்கட்டத்தில் இரண்டு இயந்திரங்களுள் ஒன்று நின்றுவிட்டால், மற்றையது தனித்து அவ்விமானத்தை உயரத்திலே தாங்குதல் அரிது. பெற்றோல் எரிந்து பாரம் குறையக் குறைய அந்த அபாயம் குறைந்தது. ஆனால் அதற்குள் மற்றோர் எல்லை வந்துவிடும். குறித்த இடத்தைத் தாண்டியபின் திரும்பிச் செல்வதற்கு எரிபொருள் போதாது. முன்னோக்கிச் செல்வதே வழி. கடல்மேற் பறக்கும் ஒவ்வொரு விமானத்துக்கும் இத்தகைய இடம் ஒன்று உண்டு. அவ்விடம் எங்கே உள்ளது என்பதையும் காற்றே தீர்மானிக்கின்றது.

வழிகாட்டியவை விண்மீன்கள். பேர்த்திலே ஒரு பாகை வழுவினால், கொக்கலைக்கு நேரே வரும்போது எண்பது கிலோமீற்றருக்கு மேல் விலகிவிடும். ஆதலால் வழிகணிப்போர் இரவிலே விண்மீன்களின் உயரத்தைக் கருவியால் அளந்து, நேரத்தோடு பொருத்தி, தம் இருப்பிடத்தை மீண்டும் மீண்டும் கணித்தனர். அந்த ஐந்து விமானங்களுக்கும் வழிகாட்டும் விண்மீன்களின் பெயர்களே சூட்டப்பட்டிருந்தன: அல்ற்றயர், வேகா, றைஜல், அன்ராறிஸ், ஸ்பைக்கா. இப்பெயர்கள் நமக்கு அந்நியமாய்த் தோன்றலாம். ஆயின் அல்ற்றயர் நமது திருவோணத்து மீன், அன்ராறிஸ் கேட்டை, ஸ்பைக்கா சித்திரை. பஞ்சாங்கத்திலே நாள் பார்க்கும்போது நாம் கூறும் அவ்விண்மீன்களைப் பார்த்தே அம்மனிதர் இலங்கைக்கு வழி கண்டனர்.

இப்பயணத்துக்கு 'இரட்டைச் சூரியோதயம்' என்ற பெயர் வழங்கலாயிற்று. அதன் காரணமும் ஒரு கணக்கே. ஓரிடத்தில் நிற்பவனுக்கு ஓர் உதயத்துக்கும் அடுத்த உதயத்துக்கும் இடையே 24 மணித்தியாலம். பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடையே ஏறத்தாழ முப்பத்தைந்தரைப் பாகை நெடுங்கோட்டு வேறுபாடு உண்டு. ஒரு பாகைக்கு நான்கு நிமிடமாக, 2 மணித்தியாலம் 22 நிமிடம் சூரியன் இங்கே பிந்தி உதிக்கின்றது. எனவே மேற்கு நோக்கி வருபவனுக்கு இரண்டு உதயங்களுக்கும் இடையே இருபத்தாறரை மணித்தியாலமளவு ஆகலாம். பயணமோ அதற்கும் மேற்பட்டது. விடியுமுன் புறப்பட்டவன் கடல்மேல் ஓர் உதயத்தைக் கண்டு, ஒரு பகலையும் ஓர் இரவையும் கடந்து, மறு உதயத்தையும் கடல்மேலேயே கண்டான். பயணத்தை முடித்தோருக்கு 'இரட்டைச் சூரியோதய இரகசியக் குழு' என்ற பெயரில் ஒரு பத்திரமும் வழங்கப்பட்டது. அங்ஙனம் சென்றவற்றுள் மிக நீண்ட பயணம் 32 மணித்தியாலம் 9 நிமிடம் நீடித்தது. இருமருங்குமாக 271 தடவைகள் சமுத்திரம் கடக்கப்பட்டது. ஒரு விமானமேனும் ஓர் உயிரேனும் இழக்கப்படவில்லை. போர் முடிந்தபின் அவ்விமானங்கள் கடலில் மூழ்கடிக்கப்பட்டன.

இதற்கிடையே நேரம் குறைந்துகொண்டே வந்தது. 1944 ஆம் ஆண்டு நான்கு இயந்திரங்களையுடைய லிபரேற்றர் என்னும் தரைவிமானங்கள் சேவையிற் சேர்ந்தன. அவை அவுஸ்திரேலியாவின் வடமேற்கிலே உள்ள லேமந்திலிருந்து இரத்மலானைக்கு ஏறத்தாழ 17 மணித்தியாலத்தில் வந்தன. பாரமும் அதிகம் சுமந்தன. இன்றைய விமானம் மணித்தியாலத்துக்கு 850 கிலோமீற்றர் வேகத்திற் சென்றால், பேர்த்துக்கும் கொக்கலைக்கும் இடைப்பட்ட அதே தூரத்தை ஏழு மணித்தியாலத்துக்குள் கடக்கும். 2018 மார்ச் மாதத்தில் பேர்த்திலிருந்து இலண்டனுக்கு இடைநில்லாச் சேவை தொடங்கியது. 14,498 கிலோமீற்றரைக் கடக்க ஏறத்தாழ 17 மணித்தியாலம் போதுமாயிற்று. கற்றலினா தன் வேகத்தில் அத்தூரம் செல்வதாயின் மூன்று நாள் வேண்டும்.

இவ்வளவு வளர்ச்சி பெற்றபின்னும் காற்றையும் போரையும் மனிதன் வென்றுவிட்டானா? 2024 ஏப்பிரலில் மேற்காசியாவிலே பதற்றம் மிகுந்தபோது, பேர்த்திலிருந்து இலண்டன் செல்லும் விமானம் ஈரானிய வான்பரப்பைத் தவிர்த்து, சிங்கப்பூரில் இறங்கி, எரிபொருள் நிரப்பிச் செல்ல நேர்ந்தது. இலண்டனிலிருந்து பேர்த் திரும்பும் விமானமோ, மேல்வானத்து மேல்காற்றின் துணையால், சுற்றுவழியிலும் இடைநில்லாதே வந்தது. எண்பது ஆண்டுகளுக்கு முன் கற்றலினாவை ஆண்ட அதே இரண்டு காரணங்கள் இன்றும் பயண நேரத்தை ஆளுகின்றன.

நேரத்தைக் குறைத்தற்குக் கொடுத்த விலையையும் மறத்தலாகாது. கொக்கலை வெறும் வாவி மட்டுமன்று. மக்கள் வாழ்ந்த ஊர். சிங்கள எழுத்தாளர் மாட்டின் விக்கிரமசிங்க பிறந்த ஊரும் அதுவே. போர்க்காலத்தில் விமானத்தளத்துக்காக நிலம் எடுக்கப்பட்டபோது, குடியிருந்தோர் தம் வீடு வளவுகளை விட்டு வெளியேறினர். அவ்வெழுத்தாளர் வாழ்ந்த பழைய வீடு அழிவினின்றும் தப்பி இன்றும் நிற்கின்றது. பேர்த்தையும் இலண்டனையும் அணுக்கமாக்கிய அதே செயல், கொக்கலைக் குடியானவனுக்கும் அவனது கிணற்றடிக்கும் இடையே கடக்கமுடியாத தூரத்தை உண்டாக்கிற்று. எந்த அளவுகோலும் அத்தூரத்தைக் காட்டுவதில்லை.

வடபகுதி மக்களுக்கு இவ்வுண்மையைப் பிறர் எடுத்துரைக்க வேண்டியதில்லை. பலாலித் தளமும் அதே போர்க்காலத்திலே தோன்றியதே. பலாலிக்கும் சென்னைக்கும் இடையே மூன்றேகாற் பாகைக்கும் சற்றுக் குறைவு. பெருவட்டக் கணக்கில் ஏறத்தாழ 356 கிலோமீற்றர். 1947 டிசம்பர் 10 ஆம் நாள் எயர் சிலோன் நிறுவனத்தின் முதற் பயணமே இரத்மலானையிலிருந்து காங்கேசன்துறை வழியாகச் சென்னைக்குச் சென்றது. பின்னர்ப் பல தசாப்தங்களாகப் பலாலியிலிருந்து சென்னைக்கு வான்வழி இல்லாதுபோயிற்று. யாழ்ப்பாணத்து நோயாளி ஒருவர் சென்னை மருத்துவமனைக்குச் செல்வதாயின், முதலில் ஏறத்தாழ 400 கிலோமீற்றர் தெற்கே கட்டுநாயக்காவுக்கு வந்து, பின் வடக்கே பறத்தல் வேண்டும். சென்னை இடம்பெயரவில்லை, 356 கிலோமீற்றரும் மாறவில்லை, ஒன்றேகால் மணித்தியாலப் பயணம் மட்டும் ஓர் இரவும் பகலுமாயிற்று. 2019 நவம்பரில் அவ்வான்வழி மீண்டும் திறந்தது. 2020 இல் கொள்ளைநோயினால் நின்று, 2022 டிசம்பரில் மறுபடியும் தொடங்கியது.

ஆகவே இரண்டு விமான நிலையங்களுக்கு இடையே எவ்வளவு தூரம் என்று மாணவன் கேட்டால், உருண்டையும் நூலும் கொண்டு விடை காட்டலாம். எவ்வளவு நேரம் என்று கேட்டால், விமானத்தின் வேகத்தையும் சுமக்கும் பாரத்தையும் காற்றின் போக்கையும் அவனுக்குக் கற்பித்தல் வேண்டும். அவற்றோடு, இடையிலே உள்ள நாடுகள் சமாதானமாய் இருக்கின்றனவா என்பதையும் சேர்த்துக் கேட்கும்படி சொல்லுதல் வேண்டும். "போய்ச் சேர எவ்வளவு பொழுதாகும்?" என்பதையே முதலிற் கணக்கிட்ட கிராமத்து முதியவர், தேசப்படத்தைக் கண்டிராதவராயினும், வினாவின் கடினமான பாதியையே எடுத்துக்கொண்டார்.